மலையைத் தோண்டுமுன் கணக்கு வேண்டும்



மின்சாரக் கார் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்ரோல் வேண்டாத கார் வந்தாலும் டயர் வேண்டாத கார் இன்னும் வரவில்லை. ஆகவே பால்மரத்துக்கு இதனால் கேடில்லை என்று நம்மில் பலர் பேசாமல் இருந்துவிட்டோம். ஆனால் அந்தக் காருக்கு வேண்டிய உலோகங்கள் நம் நாட்டு மலைகளிலேயே கிடக்கின்றன, அவற்றைத் தோண்டி எடுத்தால் கோடி கோடியாக வெள்ளி குவியும், இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகப் பலமாக அடிபடுகிறது. தோட்டங்களும் கம்பங்களும் காடுகளும் அடுத்தடுத்து இருக்கும் நாடு இது. மலையில் துளை விழுந்தால் அடிவாரத்தில் இருப்பவன் தொழிலாளிதான். ஆகையால் இது நம் விஷயம்.

நான் தமிழ்ப் பள்ளியில் படித்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். வரவுப் பக்கத்தை மட்டும் காட்டி எவராவது கையெழுத்துக் கேட்டால் செலவுப் பக்கம் எங்கே என்று கேட்பது என் தொழில். அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்கிறேன். உலோகம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. வேலை, கூலி, தண்ணீர், சுரங்கம் மூடிய பின் நிலத்தைச் சீர்படுத்தும் செலவு ஆகிய நான்கும் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். எழுதப்படாத வரை மலையில் ஒரு துளையும் விழக்கூடாது என்பதே என் கட்சி.

நம் மண்ணில் இருப்பது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மின்சாரக் காரில் இரண்டு பெரிய உறுப்புகள் உண்டு. ஒன்று மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரி. மற்றொன்று சக்கரத்தைச் சுற்றும் மோட்டார்.

பேட்டரிக்கு லித்தியம் வேண்டும். அதன் வகையைப் பொறுத்து நிக்கல், கோபால்ட், மாங்கனீசு முதலியவையும் வேண்டும். இவற்றில் நம் நாட்டில் என்ன இருக்கிறது? லித்தியம் எடுக்கும் சுரங்கம் இங்கில்லை. ஆஸ்திரேலியாவும் சிலியும் சீனாவும்தான் அதற்குப் பேர் போனவை. கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. சபாவில் நிக்கல் கலந்த மண் உண்டு. பெரிய சுரங்கம் இல்லை. மாங்கனீசு ஓரளவு இருக்கிறது. ஆகவே பேட்டரி உலோகத்தில் நாம் செல்வந்தர் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம்மிடம் உள்ளது மோட்டாருக்கு வேண்டிய சரக்கு. மோட்டாருக்குள் சக்தி வாய்ந்த காந்தம் இருக்கிறது. அதைச் செய்ய நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற உலோகங்கள் தேவை. சூட்டைத் தாங்குவதற்கு டிஸ்புரோசியம், டெர்பியம் என்பவற்றையும் சிறிது சேர்ப்பார்கள். இவற்றுக்கு அரிய மண் உலோகங்கள் என்று பெயர். வானொலிச் செய்தியில் 'நாடிர் பூமி' என்று மலாயில் சொல்கிறார்களே, அதுதான் இது. பேராக், கெடா, கிளந்தான், பகாங், திரங்கானு முதலிய மாநிலங்களின் களிமண்ணில் இவை கலந்திருக்கின்றன. கதிரியக்கத் தொல்லை குறைந்த வகை மட்டுமே சுமார் 1 கோடியே 60 லட்சம் டன் இருக்கலாம் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. 2023 செப்டம்பரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்தில் பேசும்போது, இத்தொழில் 2025-க்குள் 950 கோடி வெள்ளி வருமானமும் சுமார் 7,000 வேலைகளும் தரும் என்றார். அரிய மண்ணைப் பக்குவப்படுத்தாமல் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கப் போவதாகவும் அப்போதே அறிவித்தார்.

அந்த 2025 வந்து போய்விட்டது. ஏழாயிரம் பெயர் ஏறிய செக்ரோல் எங்கே என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

மலையில் பால் வெட்டுவது போல

இந்த மண்ணிலிருந்து உலோகம் எடுக்கும் முறையைப் பால்வெட்டுகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. நாம் மரத்தில் கோடு வெட்டி, வடியும் பாலை மங்கில் பிடிக்கிறோம். அவர்கள் மலையின் மேற்புறத்தில் வரிசையாகத் துளையிட்டு, அம்மோனியம் சல்பேட் என்ற உப்பைக் கரைத்து உள்ளே விடுகிறார்கள். அது மண்ணுக்குள் இறங்கி, மண்ணோடு ஒட்டியிருக்கும் உலோகத்தைக் கழற்றிக்கொண்டு அடிவாரத்தில் வடிகிறது. அதைத் தொட்டிகளில் பிடித்து, வேறு மருந்து சேர்த்து உறைய வைக்கிறார்கள். பேராக்கில், ஹுலு பேராக் மாவட்டத்துக் கெனெரிங்கில் இம்முறையில் ஒரு பரீட்சார்த்தச் சுரங்கம் நடத்தப்பட்டது. அங்கு எடுத்த சரக்கு சீனாவுக்குப் போயிற்று.

மலையை வெட்டிச் சாய்ப்பதைவிட இது மேல் என்கிறார்கள். உண்மைதான், மரங்கள் அத்தனையும் சாய வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. கோட்டை விட்டுப் பால் வழிந்தால் அது மரத்தடியில் உறைந்து கிடக்கும். மலைக்குள் விட்ட உப்புக் கரைசல் தொட்டிக்கு வராமல் வேறு வழியில் வடிந்தால், அது கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். நீர் ஊறிய மலை சரியவும் கூடும். சீனாவின் தென்பகுதியில், ஜியாங்சி மாகாணத்தில், இந்த வேலை பல்லாண்டு நடந்ததால் தண்ணீரும் வயலும் கெட்டன. பிறகு பர்மாவின் கச்சின் பகுதியில் தோண்டத் தொடங்கினார்கள். அங்கும் அதே கதைதான். அடுத்த இடம் எது என்று உலகம் தேடும்போது நம் மலைகள் அதன் கண்ணில் பட்டிருக்கின்றன.

பழைய கணக்குகள்

புதுத் தொழில் என்றதும் மயங்குவதற்கு நாம் நேற்றுப் பிறந்தவர்களல்லர். இந்த நாட்டு மண்ணிலேயே நான்கு பழைய கணக்குகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலாவது ஈயம். கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் தந்தது. ஈப்போ நகரம் எழுந்தது அந்தப் பணத்தில்தான். 1985 அக்டோபரில் சர்வதேச ஈய மன்றம் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது; விலை பாதியாகச் சரிந்தது. நூற்றுக்கணக்கான ஈய லம்பங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மிச்சமாய் நின்றவை குளங்களும் மணல்மேடுகளும்தான்.

இரண்டாவது, ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேரா. ஈயம் கழுவிய கழிவிலிருந்து அரிய மண் பிரிக்கும் ஆலை ஒன்று 1982-ல் அங்கே தொடங்கியது. ஏஷியன் ரேர் எர்த் என்பது அதன் பெயர்; ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பங்குதாரர். கதிரியக்கமுள்ள தோரியக் கழிவைக் கொட்டும் இடம் பற்றிப் பாப்பான் மக்கள் 1984-ல் கிளர்ந்தெழுந்தனர். 1985-ல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-ல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994-ல் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது. துப்புரவுக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் ஆயிற்று. ஒரு சிறு கிராமத்து மக்கள் பத்தாண்டு போராடிய பிறகு நடந்த காரியம் இது. இன்று பேசப்படும் களிமண் வேறு, அந்தக் கழிவு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோரியம் இதில் மிகக் குறைவு. ஆனால் முதலில் ஆலை, பிறகு விசாரணை என்ற தலைகீழ் முறை மட்டும் மறுபடி வரலாகாது.

மூன்றாவது, சபாவில் ரானாவுக்கு அருகிலுள்ள மாமுட் செம்புச் சுரங்கம். 1975 முதல் 1999 வரை அது நடந்தது. தாதுவை ஜப்பானுக்கு ஏற்றினார்கள். பிறகு மூடிவிட்டுப் போனார்கள். கினபாலு மலைச்சரிவில் அமிலத் தண்ணீர் நிறைந்த பெரும்பள்ளம் இன்றும் இருக்கிறது. மின்சாரக் காருக்குச் செம்பும் நிறைய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது நம் கண்முன் நடந்தது. குவாந்தானில் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்குத் திடீர் கிராக்கி வந்தது. 2015-ல் சீனாவுக்குப் போனது மட்டும் இரண்டு கோடி டன்னுக்கு மேல். புக்கிட் கோவில் பெல்டா குடியேற்றக்காரர்கள் சிலர் கைநிறையப் பணம் வருகிறதென்று செம்பனை நிலத்தையே தோண்ட விட்டார்கள். லாரிகள் ஓடிய சாலைகளெல்லாம் செம்புழுதி, கடலும் சிவந்தது. 2016 ஜனவரியில் அரசாங்கம் தடை போட்டு நிறுத்தியது. தாது போயிற்று; செம்மண் காடு நின்றது.

இந்த நான்கிலும் ஒரே பாடந்தான். சரக்கு கச்சாவாகக் கப்பலேறியது, அல்லது கழிவு இங்கே தங்கியது. ரப்பரும் அப்படித்தான். பால் நம்முடையது, ஷீட்டு நம்முடையது. டயர் செய்து பணம் பார்த்தவை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும். தோட்டம் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கு மாறியபோதும், வீட்டுமனையாக விற்கப்பட்டபோதும் லயத்தைக் காலி செய்யும் நோட்டீஸ் முதலில் யார் கைக்கு வந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை.

அண்டை வீட்டைப் பாருங்கள்

இந்தோனேசியா துணிந்து ஒரு காரியம் செய்தது. 2020 ஜனவரி முதல் நிக்கல் தாதுவைக் கச்சாவாக ஏற்றுமதி செய்யக்கூடாதென்று தடை விதித்தது. உருக்கு உலைகள் சுலவேசித் தீவுக்கே வந்தன. இன்று உலகில் தோண்டப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் அந்நாட்டினுடையது. கச்சாவை விற்கமாட்டேன் என்று ஒரு நாடு உறுதியாக நின்றால் தொழிற்சாலை அதன் வாசலுக்கு வரும் என்பதற்கு இது சாட்சி. இதை மெச்ச வேண்டும்.

செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். 2023 ஜனவரியில் வடக்கு மொரோவாலியில், பாதுகாப்புக் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தையொட்டி எழுந்த கலவரத்தில் இரு தொழிலாளர் மாண்டனர். ஒருவர் இந்தோனேசியர், மற்றவர் சீனர். அதே ஆண்டு டிசம்பர் 24-ல் மொரோவாலியில் உலை ஒன்றைப் பழுதுபார்க்கும்போது வெடித்தது. 21 உயிர் போயிற்று. அவர்களிலும் இரு நாட்டாரும் இருந்தனர். தொழிற்சாலை வந்தால் மட்டும் போதாது. தொழிற்சங்கமும் பாதுகாப்புச் சட்டமும் அதனோடு சேர்ந்து வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லித்தியம் 2022 கடைசியில் உச்சிக்குப் போய், இரண்டே ஆண்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சரிந்தது. நிக்கல் விலை வீழ்ந்ததால் 2024-ல் ஆஸ்திரேலியாவின் பெரிய நிக்கல் தொழிலொன்று நிறுத்தி வைக்கப்பட்டது. நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாத, இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட பேட்டரி வந்து, 2024-ல் உலக மின்சாரக் கார்ப் பேட்டரிச் சந்தையில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துவிட்டது. செயற்கை ரப்பர் வந்த கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. இன்று அரிய மண் இல்லாத மோட்டார் செய்யவும் முயல்கிறார்கள். ஆகவே ஐம்பதாண்டு வாழ்வு தரும் தொழில் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பதினைந்தாண்டில் மூடினாலும் தொழிலாளி நடுத்தெருவில் நிற்காதபடி ஏற்பாடு வேண்டும்.

அவசரம் யாருக்கு?

தோண்டவே கூடாது என்பார் ஒரு சாரார். காட்டையும் ஆற்றையும் நினைத்துச் சொல்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் காந்தம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? சட்டமோ சங்கமோ இல்லாத கச்சின் மலையிலிருந்து வருவதால் அந்தப் பாவம் தீர்ந்துவிடாது. மாநிலங்களுக்கும் வருமானம் தேவை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வேலை தேவை.

உடனே தோண்டு என்பார் மற்றொரு சாரார். அவர்களுக்கு என் பதில்: அவசரம் வாங்குகிறவனுக்கு, நமக்கல்ல. உலகத்து அரிய மண்ணைப் பிரித்தெடுக்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது ஏழு வகை உலோகங்களுக்கு ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றதும், காந்தம் கிடைக்காமல் வெளிநாடுகளில் சில கார்த் தொழிற்சாலைகள் சில நாள் நின்றன. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா நம் அரசாங்கத்தோடு இக்கனிமங்களைப் பற்றி உடன்பாட்டுக் குறிப்பில் கையெழுத்திட்டது. கச்சா அரிய மண் ஏற்றுமதித் தடை நீடிக்கும் என்று நம் அமைச்சர் அப்போது சொன்னார். இரு பெரிய முதலாளிகள் ஒரே சரக்குக்குப் போட்டியிடும்போது விற்கிறவன் கை ஓங்கியிருக்கிறது. கை ஓங்கியிருக்கும்போதுதான் நிபந்தனை பேச வேண்டும். களிமண் எங்கும் ஓடிப்போகாது.

பிரித்தெடுக்கும் தொழில் இங்கு இல்லாமலும் இல்லை. குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் லைனாஸ் ஆலை 2012 முதல் ஆஸ்திரேலியத் தாதுவைக் கொண்டு வேலை செய்கிறது. அதன் கழிவைப் பற்றிய தகராறு நெடுநாளையது. 2025 மே மாதத்தில் அங்கு டிஸ்புரோசியமும் பிரிக்கப்பட்டது. சிரம்பானிலும் கூலிமிலும் பேட்டரித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மண்ணைப் பிரிப்பதிலும், காந்தம் செய்வதிலும், பேட்டரி செய்வதிலும், தேய்ந்த பேட்டரியை உடைத்து உலோகம் மீட்பதிலும்தான் நிலையான வேலை உண்டு. மலையில் துளை போடும் வேலை சொற்பம். அதுவும் காண்டிராக்டரிடம் போகும்.

நாம் கேட்க வேண்டியவை

நிலமும் கனிமமும் நம் அரசியலமைப்பின்படி மாநில அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே கோலாலம்பூரை மட்டும் நோக்கிக் கத்திப் பயனில்லை. மந்திரி புசாரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நம் கோரிக்கைகள் போக வேண்டும். அவை இவை:

ஒன்று: அனுமதி தருமுன் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை பொதுவில் வைக்கப்பட வேண்டும். மலாய், தமிழ், சீன மொழிகளில் அதன் சாரத்தை எழுதி, தோட்டத்திலும் கம்பத்திலும் ஓராங் அஸ்லி கிராமத்திலும் ஆட்களைக் கூட்டி விளக்க வேண்டும்.

இரண்டு: நிலத்தையும் நீரையும் சீர்படுத்தும் செலவுக்கான பணம் முன்கூட்டியே கட்டப்பட வேண்டும். சுரங்கம் மூடும் நாளில் கம்பெனி இருக்குமோ, பெயர்ப் பலகை மட்டும் இருக்குமோ!

மூன்று: கச்சாச் சரக்கு ஒரு மூட்டையும் கப்பலேறக்கூடாது. பிரிப்பும் காந்தமும் இங்கேயே நடக்க வேண்டும்.

நான்கு: மாதச் சம்பளமும் நிரந்தர வேலையும் வேண்டும். 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்தையே நச்சு மருந்தோடு புழங்கும் வேலைக்கும் போதுமென்று நிறுத்திவிடக் கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதே கூலி, அதே பாதுகாப்பு, அதே பெர்கெசோ. அவனுக்குக் குறைத்துக் கொடுக்க இடம் விட்டால் நாளை நமக்கும் குறையும்.

ஐந்து: தோட்ட நிலம் சுரங்கத்துக்குப் போனால், சட்டப்படி ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளம் என்று கணக்குத் தீர்த்து அனுப்புவது போதாது. குடியிருந்தவர்களுக்குச் சொந்த வீடு வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சியில் முதலிடம் வேண்டும்.

இவற்றைக் கேட்க நமக்கு அதிகாரம் ஏது என்று சிலர் கேட்கலாம். 2024 செப்டம்பர் 15 முதல் நடப்பிலுள்ள தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழில், ஒரே துறை என்ற பழைய வேலியை எடுத்துவிட்டது. மின்னணுத் தொழிலாளர் வட்டாரச் சங்கம் அமைப்பதற்கே 2009 வரை காத்திருந்த நாடு இது. இந்தப் புதிய தொழிலிலாவது முதல் நாள் பெரட்டிலேயே சங்கம் இருக்க வேண்டும். தொழில் வேரூன்றிய பிறகு சங்கம் கட்டுவது எத்தனை கடினம் என்பதைத் தோட்டத்தில் நாம் படித்திருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, கிளைக் கூட்டங்களில் இந்த ஐந்தையும் பேசுங்கள். தீர்மானமாக எழுதித் தலைமையகத்துக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால் தோட்டத்துக் கிராணி இருக்கிறார்; கேளுங்கள். கிராணிமார்களே, அதை மறுக்காதீர்கள். நம் பேனா துரையின் கணக்கை மட்டும் எழுதுவதற்கன்று.

வரவு முதலாளிக்கு, செலவு தொழிலாளிக்கு என்று இந்த நாட்டு மண்ணில் ஐந்தாவது கணக்கு ஒன்று எழுதப்பட வேண்டாம். பத்திரம் முதலில்; பிறகு துளை.